ஐம்பது மில்லி

அந்த நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம். உலகத்தில் எல்லா நட்டும் இடப்பக்கம் திருப்பினால் கழலும். பீர் குழாயின் திருகை ஃப்ரிட்ஜ் கதவோடு பிடித்து வைத்திருக்கும் நட்டு மட்டும், முன்னால் நின்று பார்த்தால், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் நான் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் ஐந்து நிமிடம் வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இன்னும் கொஞ்சம் இறுக்கினா உடைஞ்சிடும், பையா" என்றார்.

மில்வாக்கியில் நான் வாடகைக்கு இருந்தது ஒரு பழைய இரட்டை வீட்டின் மாடிப் பகுதி. கீழே அவர். அதற்கும் கீழே நிலவறை. அந்த ஊரில் நிலவறையில் மரத்தாலான ஒரு சின்ன பார் கட்டிவைத்துக்கொள்வது நம்மூரில் மொட்டைமாடியில் ஓலைக் கொட்டகை போடுவது மாதிரி. பல பழைய வீடுகளில் பார்க்கலாம். ஜெர்மானியர்கள் வந்து குடியேறி பீர் காய்ச்சிய ஊர். பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், மில்லர், பிளாட்ஸ் என்று நான்கு பெரிய பெயர்கள். ஷ்லிட்ஸ் ஆலையை 1981இலும் பாப்ஸ்ட் ஆலையை 1996இலும் மூடிவிட்டார்கள். ஆனால் நிலவறை பார்கள் அப்படியே இருக்கின்றன. இவர் முப்பது வருஷம் பிளம்பராக வேலை பார்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே ஒரு கிளாஸ். அதற்காக ஒரு ஃப்ரிட்ஜ், உள்ளே பத்தொன்பது லிட்டர் சொச்சம் கொள்ளும் ஒரு பீப்பாய், ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், பத்தடி நீள பிளாஸ்டிக் குழாய், கதவுக்கு வெளியே ஒரு திருகு.

கையில் நடுக்கம் வந்தபிறகு அவரால் ஸ்பேனரைப் பிடிக்க முடியவில்லை. வாடகை கொடுக்கப் போன ஒருநாள் கேட்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம். சரி என்று சொல்லிவிட்டு மாடியேறி வந்து ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் அப்பா குடித்துக் குடித்தே செத்தவர். உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா பனையேறி. அப்பா பனையேறுவதைக் கேவலமாக நினைத்து ஒரு கடைக்குக் கணக்கு எழுதப் போனார். சாயங்காலமானால் குவார்ட்டர் பாட்டிலோடு வருவார். அவருக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் இருந்தது. அம்மா அதை மற்ற பாத்திரங்களோடு சேர்க்க மாட்டாள். காலையில் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கிற வேலை என்னுடையது. தேய்த்துக் கழுவி, மோந்து பார்த்து, வாடை போகவில்லையென்றால் மறுபடியும் தேய்க்க வேண்டும். கல்லீரல் போய் அவர் செத்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நான் குடிப்பதில்லை. இதில் கொள்கை ஒன்றும் கிடையாது, அந்த வாடை ஆகாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் ஒரு கிழவரின் பீர் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன், இரண்டு வருஷம்.

குழாயைக் கழுவுவது என்றால் தண்ணீர் விட்டு அலசுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பீரில் சர்க்கரையும் புரதமும் மிச்சம் இருக்கிறது. குழாயின் உட்சுவரில் அது படியும். படிந்ததன்மேல் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் குடியேறி வழவழவென்று ஒரு படலம் கட்டும். பீடியோகாக்கஸ் என்கிற ஒன்று வந்துவிட்டால் பீர் வெண்ணெய் வாசம் அடிக்கும். காற்று படுகிற இடத்தில், அதாவது திருகின் வாயில், அசிட்டோபாக்டர் வரும். அது வந்தால் காடி வாசம். ருசி பார்க்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் மோந்து பார்க்கிற வேலையை எனக்குக் கொடுத்தார். கழற்றிய திருகை மூக்கருகே கொண்டுபோனதும் மூன்று நாள் பழைய கள்ளின் புளித்த நெடி குப்பென்று வந்தது. பத்தாயிரம் மைல் தள்ளி, தரைக்கு அடியில், தாத்தாவின் கலயம்.

இதுபோக பீர்க்கல் என்று ஒன்று உண்டு. கால்சியம் ஆக்ஸலேட். பழுப்பாகச் சொரசொரவென்று படியும். காரத்துக்கு அது லேசில் அசையாது, அமிலம்தான் வேண்டும். பதினான்கு நாளுக்கு ஒருமுறை காரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலம் என்று அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் ஒரு கையேடு போட்டிருக்கிறது. பார்களுக்காக எழுதியதுதான், ஆனால் கிழவர் அதைப் பஞ்சாங்கம் மாதிரி வைத்திருந்தார். காலண்டரில் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமையைச் சுற்றி வட்டம்.

வேலை இப்படிப் போகும். முதலில் கேஸை மூட வேண்டும். பீப்பாய்த் தலையில் மாட்டியிருக்கும் கப்ளரைக் கழற்ற வேண்டும். அதற்குள்ளே கோலிக்குண்டு மாதிரி ஒரு சின்னப் பந்து இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் திரவம் பின்னோக்கிப் போகாது. அப்புறம் திருகைக் கழற்றி, பாகம் பாகமாகப் பிரித்துக் கிண்ணத்தில் ஊறப்போட்டு, சின்ன பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். திருகு இருந்த இடத்தில் கைப்பம்பு வைத்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பொருத்தி அடித்தால் காரக்கரைசல் குழாய் வழியாக இறங்கிக் கீழே வாளியில் விழும். இரண்டு சதவீதக் காஸ்டிக் சோடா. குழாய் நிறைந்ததும் இருபது நிமிடம் ஊற வேண்டும்.

சிலிண்டர்தான் இருக்கிறதே, அந்த கேஸாலேயே கரைசலைத் தள்ளினால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். கிழவர் என்னைப் பார்த்த பார்வை! சுண்ணாம்புத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பாலாகும் என்று பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறோம். அதே கதைதான். கார்பன் டை ஆக்சைடைக் காஸ்டிக் தின்றுவிடும், கரைசலின் வீரியம் போய்விடும். இன்ஜினியரிங் படித்த எனக்கு அதை ஒரு பிளம்பர் சொல்லித்தர வேண்டியிருந்தது. பதிலுக்கு நான் அவருக்குச் சொன்னது கலயத்தைப் பற்றி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பனையில் கட்டினால் பதனி, தடவாமல் கட்டினால் கள். அவ்வளவுதான் வித்தியாசம், ஒரு விரல் சுண்ணாம்பு. அவர் அதை இரண்டு தடவை சொல்லச்சொல்லிக் கேட்டார். "உங்க தாத்தாவுக்கு கெமிஸ்ட்ரி தெரிஞ்சிருக்கு" என்றார்.

காரம் ஊறியபிறகு குளிர்ந்த தண்ணீர். எவ்வளவு தண்ணீர் என்றால், வெளியே வரும் தண்ணீரில் பிஎச் பட்டையைத் தொட்டுப் பார்த்து அது குழாய்த் தண்ணீரின் நிறத்துக்கு வரும்வரை. இந்தப் படியைத் தாண்டக் கூடாது. கடைசியாகக் கிருமிநாசினி. ஸ்டார் சான் என்ற அமிலக் கரைசல், லிட்டருக்கு ஒன்றரை மில்லி, நுரைத்துத் தள்ளும். அதை அலசத் தேவையில்லை. முதல் தடவை அந்த நுரையைப் பார்த்துப் பயந்து மூன்று தடவை தண்ணீர் விட்டு அலசி, கிருமிநாசினி போட்டதையே வீணாக்கினேன். கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. அழுக்கின்மேல் கிருமிநாசினி ஊற்றினால் அழுக்கு மட்டும்தான் குளிக்கும்.

நான் தப்பு செய்த நாள் ஒரு பிப்ரவரி சனிக்கிழமை. வெளியே பனி முழங்கால் அளவு. குழாயில் காரம் ஊறிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். நிலவறையில் சிக்னல் கிடைக்காது, கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அப்பாவின் திதி அடுத்த வாரம். ஐயருக்குச் சொல்லியாச்சா, சித்தப்பா வருவாரா என்று பேச்சு போய், கடைசியில் எப்போதும் முடிகிற இடத்தில் முடிந்தது. "நீ ஒரு வார்த்த அவர்ட்ட அன்பா பேசியிருந்தா நிறுத்தியிருப்பாரோ என்னமோய்யா." அவள் அதைக் குற்றமாகச் சொல்வதில்லை. புலம்பல்தான். ஆனாலும் போனை வைத்தபோது காது சுட்டது.

கீழே வந்தேன். முக்கால் மணி நேரம் போயிருந்தது. வெறும் கையால் திருகைக் கூட்டினேன், பந்தைப் போட்டேன், கப்ளரை மாட்டினேன், கேஸைத் திறந்தேன். கை தானாக வேலை செய்தது. மணி ஆறு. கிழவர் எழுந்து வந்து கிளாஸைப் பிடித்துத் திருகை இழுத்தார்.

என் விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கின. சோப்பு போட்ட மாதிரி. காஸ்டிக் பட்டால் தோல் அப்படித்தான் வழுக்கும். மேஜையைப் பார்த்தேன். பிஎச் பட்டை உறையைவிட்டு வெளியே வரவேயில்லை.

"குடிக்காதீங்க!"

தமிழில்தான் கத்தினேன். அவருக்கு ஒரு எழுத்து புரிந்திருக்காது. எங்கள் வீட்டில் பத்து வருஷம் அம்மா கத்திய அதே சொல், கிட்டத்தட்ட அதே குரல். நான் அதை அப்பாவிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கிளாஸ் அவர் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

பத்தடிக் குழாயில் ஐம்பது மில்லிக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். அந்த ஐம்பது மில்லி முழுக்க அந்த கிளாஸின் அடியில் இருந்தது, மேலே நல்ல பீர், அழகான நுரை. பட்டையை முக்கினேன். கருநீலம். தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும். எழுபத்தெட்டு வயது மனிதர்.

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் தொட்டியில் கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றேன், சாரி சாரி என்று சொல்லிக்கொண்டே. "சரி, முதல்லேர்ந்து" என்றார். அன்று இரவு எட்டரை வரைக்கும் கழுவினேன். அவர் அன்று குடிக்கவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் பட்டையை அவரே முக்கிப் பார்த்தபிறகுதான் கிளாஸை எடுத்தார். எனக்கு அது வலிக்கத்தான் செய்தது, நியாயம் என்று தெரிந்தும்.

அன்றிரவு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருஷமாக மறைத்து வைத்திருந்த பீர் குழாய் விஷயம் முழுவதையும். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "அந்தப் பெரிய மனுசனுக்கு ஒண்ணும் ஆகலல்லா?" என்றாள். "ஆகலம்மா." "ஒங்கையில?" "லேசா எரியுது." "தேங்கா எண்ண இருந்தா தடவு."

எனக்கு என்ன தோன்றியதோ, "அப்பா டம்ளர் என்னாச்சும்மா?" என்று கேட்டேன்.

"அது என்ன ஆவும்? அதுலதான் அரிசி அளக்கேன்."

அந்த வருஷம் நவம்பரில் டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்து, பீரை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். பீப்பாயில் பாதிக்கு மேல் மிச்சம். முன்பணத்தைத் திரும்ப வாங்க வெறும் பீப்பாயைக் கடையில் கொடுக்க வேண்டும் என்பதால் இருவருமாகத் தொட்டியில் ஊற்றினோம். மூடி வைக்கப்போகிற குழாய்தானே, எதற்கு முழுசாகக் கழுவ வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காரம், தண்ணீர், அமிலம், மறுபடி தண்ணீர். பிறகு குழாய்க்குள் கேஸை ஊதிக் காயவைத்தோம். அவர் கடைசியாக வந்த தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்து வைத்திருந்தார். நடுங்குகிற கையால் பட்டையை முக்கி, விளக்குக்குக் கீழே நிற அட்டையோடு ஒட்டி வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏழரை" என்றார்.

"சரியா பாருங்க."

மறுபடி பார்த்தார். "ஏழரைதான்."

ஃப்ரிட்ஜை அணைத்து, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கதவிடுக்கில் ஒரு துண்டை மடித்து வைத்துவிட்டு, மாடியேறினோம். அவர் முன்னால், நான் பின்னால், விழுந்தால் பிடிக்க.