மரவள்ளி மாவும் ஜப்பான் தௌஹுவும்

லாபிஸ் மளிகைக் கடையில் 'ஜப்பான் தௌஹு' கொடுங்கள் என்று கேட்டால், குளிர்ப்பெட்டியிலிருந்து ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் குழாயை எடுத்து நீட்டுவார்கள். வெட்டினால் வட்ட வட்டமாக, இளமஞ்சளாக விழும். அந்த மஞ்சள் முட்டையினால் வருவது. ஜப்பானில் அதற்குத் 'தமாகோ தோஃபு' என்று பெயர். தமாகோ என்றால் முட்டை. வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் சைவம் இருக்கிற எத்தனையோ வீடுகளில் இதைச் சைவம் என்று நம்பிச் சமைப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை உறையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள்.

நான் சொல்ல வந்தது வேறொரு பண்டம். அகெதாஷி தோஃபு. வெள்ளை தௌஹுவை மாவில் புரட்டிப் பொரித்து, சூடான சாற்றில் நிறுத்தி, மேலே துருவிய முள்ளங்கியும் இஞ்சியும் வைத்துத் தருவார்கள். வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே பால்கட்டி போன்ற மென்மை. 1782இல் ஜப்பானில் வெளிவந்த, நூறு தௌஹு சமையல்களைச் சொல்லும் 'தோஃபு ஹியாகுசின்' என்ற நூலிலேயே இது இருக்கிறது.

கோலாலம்பூரில் வானொலி வேலை முடிந்து தோழிகளோடு ஜப்பானிய உணவகத்துக்குப் போனால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் மேலே வெங்காயச் சருகு போல ஒன்று ஆவியில் நெளிந்து ஆடும். அது உலர்த்திச் சீவிய மீன். சாறும் பெரும்பாலும் அந்த மீனில் இறக்கியதுதான். அதில் சேர்க்கும் 'மிரின்' அரிசியில் செய்த இனிப்பு மது. சைவக்காரர்களுக்கு இதை ஊட்ட வேண்டுமென்றால் வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தச் சைவக்காரர் பாட்டி. வயது 90ஐத் தாண்டிவிட்டது. பல் இல்லை. பருப்பு அலுத்துவிட்டது, தயிர் சளி பிடிக்கும் என்பார். நாளுக்கு நாள் தட்டில் மிச்சம் கூடிக்கொண்டே போனது. மெதுவாக, சத்தாக எதையாவது கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். தௌஹுவை விட மெதுவானது எது?

செய்முறை எளிது. சாற்றை முதல் நாள் இரவே தொடங்கிவிடுங்கள். இரண்டு கப் தண்ணீரில் நான்கு உலர்ந்த சீனக் காளான், உள்ளங்கையளவு கொம்பு என்ற உலர்ந்த கடற்பாசி; குளிர்ப்பெட்டியில் ஊறட்டும். காளான் எல்லாச் சீன மளிகைக் கடையிலும் கிடைக்கும். கொம்பு எனக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்தது. காலையில் சூடாக்கி, கொதி வருவதற்கு முன் கொம்பை எடுத்துவிட வேண்டும். கொதித்தால் வழவழப்பும் கசப்பும் இறங்கிவிடும். ஜப்பானியப் பௌத்த மடங்களில் மீனில்லாமல் சமைப்பது இந்த இரண்டையும் நம்பித்தான். 1908இல் கிகுனாய் இகெடா என்ற வேதியியல் பேராசிரியர் 'உமாமி' என்ற சுவையைப் பிரித்தெடுத்ததும் இதே கொம்பிலிருந்துதான்.

ஒரு கப் சாற்றுக்கு மூன்று மேசைக்கரண்டி உப்புக் கிச்சாப், மிரினுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி சீனி. இனிப்புக் கிச்சாப்பை ஊற்றிவிடாதீர்கள், சாறு கறுத்துப் பாகாகிவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கிச்சாப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தௌஹுவை மெல்லிய துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டு வைத்து 20 நிமிடம் விடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் வெடிக்கும். எட்டுத் துண்டாக வெட்டி, எண்ணெய் காய்ந்த பிறகுதான் மாவில் புரட்ட வேண்டும். முன்கூட்டியே புரட்டினால் மாவு ஈரத்தை உறிஞ்சிப் பசையாகிவிடும். 170 முதல் 180 டிகிரி சூட்டில் மூன்று நான்கு நிமிடம். பொன்னிறம் வரும் வரை காத்திருக்க வேண்டாம், மேல்தோல் இறுகினாலே போதும்.

என்ன மாவு? ஜப்பானில் உருளைக்கிழங்கு மாவு. அன்று லாபிஸில் எங்கள் கைக்குக் கிடைத்தது மரவள்ளிக்கிழங்கு மாவு. அதுவும் நன்றாக மொறுமொறுக்கும். ஆனால் பொட்டலத்தைப் பார்த்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினார். "பாட்டிகிட்ட என்ன மாவுன்னு சொல்லாத."

பாட்டி மரவள்ளியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு மக்சிக் நோன்புப் பெருநாளுக்குக் கொடுத்தனுப்பும் மரவள்ளிப் பலகாரத்தைக்கூட எங்களிடம் தள்ளிவிடுவார். ஜப்பான்காரன் காலத்தில் அவர் தோட்டத்துச் சிறுமி. 1942 ஜனவரியில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைகள் சிகாமட், லாபிஸ் வழியாகத்தான் தெற்கே பின்வாங்கின. பர்மா, சயாம் அரிசி வரத்துக் குறைந்ததும் தோட்டங்களில் மூன்று வேளையும் மரவள்ளிதான். அதோடு ஆள் பிடித்தார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட, மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பாட்டியின் அப்பா திரும்பவில்லை.

இவ்வளவும் அம்மா சொல்லி எனக்குத் தெரியும். பாட்டி வாயால் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பேசுவதும் பேச வைப்பதும்தான் என் தொழில். வீட்டில் இருந்த அந்த மௌனத்தை மட்டும் யாரும் தொட்டதில்லை.

அன்று மதியம் பாட்டி நான்கு துண்டு சாப்பிட்டார். சாற்றில் ஊறி வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்த மேல்தோலை ஈறாலேயே மென்றார். "மேல என்னம்மா, அரிசி மாவா?"

அம்மா என்னைப் பார்த்தார். தொண்ணூறு வயதுக்காரரிடம் சாப்பாட்டில் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "மரவள்ளி மாவு பாட்டி. ஜப்பான் சமையல்."

பாட்டி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப கிழங்கத்தான் அவிச்சுத் தின்னோம். மாவாக்கிப் பொரிக்க எண்ணெய்க்கு எங்க போறது?" சற்றுப் பொறுத்து, "எங்கப்பா போறப்பவும் அவிச்ச கிழங்குதான் துணியில கட்டிக் குடுத்துச்சு எங்கம்மா. ரெண்டு துண்டு."

ஐந்தாவது துண்டை அவர் எடுக்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. மறுநாள் மாலை தேநீர் வேளையில், "அந்த மெதுவானது இன்னும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா புதிதாகப் பொரித்துக் கொடுத்தார், அதே மாவில்.

பாட்டி ஜப்பானை மன்னித்துவிட்டார் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். ஒரு கிண்ணம் தௌஹுவால் அடைகிற கணக்கு இல்லை அது. பசித்திருந்தார், ருசித்தது, சாப்பிட்டார். அதோடு அந்த இரண்டு துண்டுக் கிழங்கும் எங்களுக்குக் கிடைத்தது. அம்மாவே அதை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டார்.

ஜப்பான் காலத்தைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் சிலரே இருக்கிறார்கள். ஒலிவாங்கியை நீட்டினால் அவர்கள் பேச மாட்டார்கள், பலமுறை பார்த்துவிட்டேன். சூடாக எதையாவது செய்து கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். என்ன மாவு என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.