மின்னல் போட்ட கேசட்

எங்கள் வீட்டு சென்சார் போர்டு அம்மாதான். அமெரிக்காவில் படங்களுக்குப் போடும் ஜி, பி.ஜி., ஆர் என்ற தரக்குறிகளை அவள் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. "அவன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன் போட்ட கோடு. நமக்கு எதுக்கு?" என்பாள். அவள் நம்பியது ஒரே ஒரு பெயரை. டிஸ்னி என்று போட்டிருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் வைத்துவிட்டு வா. எண்பதுகளின் பின்பாதியில், நியூ ஜெர்சியின் செர்ரி ஹில்லில் எங்கள் வீட்டுச் சட்டம் இவ்வளவுதான்.

அதை நடைமுறைப்படுத்துவதும் சுலபமாக இருந்தது. பிட்சா கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே ஒரு வீடியோ கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்ததும் நாலு பேருமாக அங்கே போவோம். டிஸ்னி கேசட்டுகள் வெள்ளை நிறத்தில், பருமனான பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும். மற்ற கம்பெனிப் படங்கள் வெறும் அட்டைப்பெட்டியில். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் நின்றபடியே என் கையில் இருப்பது வெள்ளையா அட்டையா என்று பார்த்துத் தலையை ஆட்டிவிடுவாள்.

இந்தச் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தவன் அண்ணன். என்னைவிட நாலு வயது மூத்தவன். பள்ளி நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிற பழக்கம் அவனுக்கு. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வக்கீல் தோரணையில் ஆரம்பித்தான். டச்ஸ்டோன் என்று ஒரு கம்பெனி. படம் தொடங்கும்போது கறுப்புத் திரையில் நீல வட்டமும் மஞ்சள் மின்னலும் வருமே, அது. அது தனிக் கம்பெனி இல்லை, டிஸ்னியேதான். அதே பணம், அதே முதலாளி, பெயர் மட்டும் வேறு. ஆகவே அம்மாவின் சட்டப்படி அட்டைப்பெட்டியில் வரும் டச்ஸ்டோன் படங்களையும் எடுக்கலாம்.

அவன் சொன்னது உண்மை. எழுபதுகளின் கடைசியில் டிஸ்னியின் படங்களைப் பதின்வயதுப் பிள்ளைகள் சீந்துவதே இல்லை. டிஸ்னி என்றாலே தம்பி தங்கைகளுக்கான படம் என்று ஆகிவிட்டது. 1979இல் 'தி பிளாக் ஹோல்' படத்துக்கு முதன்முறையாக பி.ஜி. குறி வாங்கிப் பார்த்தார்கள். அதனாலும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. கம்பெனியை அப்போது நடத்தியவர் ரான் மில்லர், வால்ட் டிஸ்னியின் மூத்த மகளைக் கட்டியவர், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரர். சொந்தப் பெயரில் எடுக்க முடியாத படங்களை வேறு பெயரில் எடுக்கலாம் என்று முடிவு செய்து 1984 பிப்ரவரியில் டச்ஸ்டோனை அவர்தான் தொடங்கினார். மார்ச்சில் முதல் படம், 'ஸ்ப்ளாஷ்'. டாம் ஹாங்க்ஸ் கடற்கன்னியிடம் மனதைப் பறிகொடுக்கும் கதை. நன்றாக ஓடியது. ஆனால் அதே செப்டம்பரில் மில்லரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மைக்கேல் ஐஸ்னர் வந்தார். மில்லர் நட்ட மரத்தின் பழமெல்லாம் ஐஸ்னர் கூடையில் விழுந்தது.

அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். மருமகன் கதையில் மட்டும் அவளுக்குச் சுவாரசியம் தட்டியது. "மாமனார் சொத்துல கைவச்சா இப்படித்தான்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அண்ணனின் வாதத்துக்கு வந்தாள்.

"அவன் படம்தான்னா பேரைப் போட்டு விக்கட்டுமே. எதுக்குடா முக்காடு போட்டுக்கிட்டு வரான்?"

அண்ணனிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் டிஸ்னி அலுவலகத்தில் இருந்தவர்களிடமும் வேறு பதில் இருந்திருக்காது. அந்தப் பெயர் அம்மாவைப் போன்றவர்களுக்காகவே வைக்கப்பட்டது. அம்மா ஏமாறக் கூடாது, அதே சமயம் அண்ணனும் கடைக்கு வர வேண்டும். இரண்டும் நடந்தன. 1986 ஜனவரியில் வந்த 'டவுன் அண்ட் அவுட் இன் பெவர்லி ஹில்ஸ்' டிஸ்னி பணத்தில் எடுத்த முதல் ஆர் குறிப் படம். செர்ரி ஹில்லில் எந்தத் தாயும் அதற்காக மிக்கி மவுஸைக் கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு அண்ணன் கொண்டுவந்த சாட்சியம்தான் வழக்கைப் புரட்டியது. சனிக்கிழமை இரவு என்.பி.சி.யில் 'தி கோல்டன் கேர்ள்ஸ்' வரும். மயாமியில் ஒரே வீட்டில் வாழும் வயதான பெண்கள் நாலு பேர். அம்மாவின் ஆங்கிலம் வளர்ந்ததே அந்தத் தொடரில்தான். அந்தப் பெண்கள் பேசாத பேச்சு கிடையாது. ஆண்கள், படுக்கையறை, மூட்டுவலி, பழைய கணவன்மார் எல்லாம் சமையலறை மேசையில் சீஸ்கேக்கோடு பரிமாறப்படும். சோஃபியா கிழவி வாயைத் திறந்தால் அம்மா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். எனக்குப் பாதி புரியாது. புரிந்த பாதியைப் புரியாததுபோல வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தது.

ஒரு சனிக்கிழமை அண்ணன் அதைப் பதிவுசெய்தான். முடிவில் ஓடும் எழுத்துகளை நிறுத்திவைத்து, தொலைக்காட்சித் திரையில் விரலை வைத்தான். டச்ஸ்டோன் டெலிவிஷன் என்று இருந்தது.

அப்பா செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது பெரியவங்க பாக்கிறது" என்றாள் கடைசியில். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை 'த்ரீ மென் அண்ட் எ பேபி' அட்டைப்பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. குழந்தை இருக்கிற படம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அது ஒரு பிரெஞ்சுப் படத்தின் கதையை வாங்கி 1987இல் அமெரிக்காவில் எடுத்தது. மூன்று பிரம்மச்சாரிகள் வீட்டு வாசலில் ஒரு கைக்குழந்தை. இயக்கியவர் 'ஸ்டார் ட்ரெக்'கில் கூர்க்காது வைத்து நடித்த லியனார்ட் நிமோய் என்பது அண்ணனுக்கு உலக அதிசயம். டிஸ்னி எடுத்த படங்களில் முதல் வெளியீட்டிலேயே அமெரிக்காவில் பத்து கோடி டாலரைத் தாண்டிய முதல் படம் அது. அதே கதையை மலையாளத்தில் 'தூவல்ஸ்பர்சம்' என்று கமல் எடுத்தார். நடிகர் கமல் இல்லை, இயக்குநர். ஆனால் என் வயதுக்காரர்களிடம் அந்தப் படத்தைச் சொன்னால் யாரும் குழந்தையைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேயைப் பற்றித்தான் பேசுவார்கள்.

1990இல் பள்ளிப் பேருந்தில் அந்தச் செய்தி பரவியது. டெட் டான்சனின் அம்மாவாக வருபவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கும் காட்சி. பின்னால் ஜன்னல், வெள்ளைத் திரைச்சீலை, அதன் மறைவில் ஒரு பையன் நிற்கிறான். அந்த வீட்டில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்த பையனாம். துப்பாக்கிகூடத் தெரிகிறதாம். யாருக்கும் யார் சொன்னது என்று தெரியாது. ஆனால் எல்லோருடைய பெரியம்மா மகனுக்கும் அந்த வீட்டுக்காரரைத் தெரிந்திருந்தது.

வீடியோ கடையில் அந்தக் கேசட்டுக்கு அடிதடி. எங்கள் முறை வந்தபோது, அந்த இடம் பலர் நிறுத்தி நிறுத்தித் தேய்ந்துபோய் ஒரே கோடும் புள்ளியுமாக இருந்தது. அண்ணன் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். நான் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால். ஓடவிட்டான், நிறுத்தினான். நடுங்கும் படத்தில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், ஆமாம், யாரோ நின்றார்கள். கறுப்பு உடை, அசைவில்லை, கண் இருக்க வேண்டிய இடத்தில் நிழல். அந்த நேரத்தில் சமையலறையில் குக்கர் விசில் அடித்ததையும் என் வாயிலிருந்து வந்த சத்தத்தையும் அண்ணன் இன்றுவரை நடித்துக் காட்டுகிறான்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். மருந்துக் கம்பெனியில் வேதியியலாளர் அவர். எதையும் இரண்டு முறை பார்க்காமல் கருத்து சொல்ல மாட்டார். "அட்டை" என்றார். அவர் சொன்னதுதான் சரி. படத்தில் டெட் டான்சன் ஒரு நடிகர். கோட்டும் உயரத் தொப்பியுமாக அவருடைய ஆளுயர அட்டைப்படம் ஒன்று அந்த வீட்டில் இருக்கும். அதைத்தான் ஜன்னலோரம் விட்டுவிட்டார்கள். தவிர அது வீடே கிடையாது, டொரான்டோவில் ஒரு ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் திருநீறு பூசித்தான் படுக்க அனுப்பினாள். அட்டைக்கும் சேர்த்துத்தான் என்றாள்.

இதற்கு முன்பே, 1988 கோடையில், ஒரு டச்ஸ்டோன் படத்தை அம்மா தெரியாமல் தியேட்டருக்கே கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள். 'ஹூ ஃப்ரேம்டு ராஜர் ராபிட்'. மிக்கி மவுஸும் பக்ஸ் பன்னியும் ஒரே காட்சியில் வரும் படம்; இரண்டு போட்டிக் கம்பெனிகளின் செல்லப்பிள்ளைகள் என்பதால் இருவருக்கும் திரையில் சம நேரம் தர வேண்டும் என்று பேசி முடித்தார்களாம். ஜெசிகா ராபிட் மேடைக்கு வந்ததும் அம்மாவின் கை என் கண்ணைத் தேடி வந்தது. கை வந்ததே தவிர, அவள் பார்வை திரையைவிட்டு நகரவில்லை. எனக்கு ஜெசிகா பெரிதாகப் படவில்லை. மனதில் நின்றது ஒரு கார்ட்டூன் ஷூதான். கறுப்பு உடை நீதிபதி அதைப் பிடித்து, ஒரு திரவத்தில் மெதுவாக முக்குவான். அது கீச்சிட்டுக்கொண்டே கரையும். இவ்வளவு படம் பார்த்த பிறகும், திரையில் நான் கண்ட கொலைகளில் மிகக் கொடூரமானது அதுதான். அதற்கு பி.ஜி. கொடுத்திருந்தார்கள்.

அம்மாவின் காவலைத் தாண்டி உள்ளே வந்து உண்மையாகவே வீட்டைக் கலக்கிய படத்துக்கும் பி.ஜி.தான். 'டெட் பொயட்ஸ் சொசைட்டி'. 1989இல் வந்தது. எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குள் அந்தக் கேசட் சுற்றிய விதமே வேடிக்கை. நல்ல பள்ளிக்கூடம், சீருடை, வாத்தியார், கவிதை, படிப்பைப் பற்றிய படம் என்று யாரோ ஒரு மாமி சிபாரிசு செய்ய, மாதாந்திரச் சாப்பாட்டுக் கூட்டங்களில் எல்லோரும் எல்லோருக்கும் சொன்னார்கள். படம் பிடித்ததும் எங்களுக்குத் தெற்கே டெலவேரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில்தான். அப்பாவுக்கு அதில் ஒரு ஆர்வம். காரில் போய்ப் பார்க்கலாம் என்றுகூடச் சொன்னார்.

ராபின் வில்லியம்ஸ் மேசைமேல் ஏறி நிற்கும்வரை எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அந்தப் பையனின் அப்பா வந்தார். நீல் பெரி நாடகத்தில் நடிக்க ஆசைப்படுகிறான். அப்பா முடியாது என்கிறார். ராணுவப் பள்ளி, பிறகு ஹார்வர்டு, பிறகு டாக்டர். பையன் வாதாட வாயெடுத்து, எடுத்த வாயை மூடிக்கொள்கிறான். அன்றிரவு அப்பாவின் துப்பாக்கி.

எங்கள் கூடத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் அப்போது பத்தாம் வகுப்பு. டாக்டர் என்ற சொல் எங்கள் வீட்டில் அவன் பெயரோடு ஒட்டியே புழங்கிய காலம். கேசட்டை ரீவைண்ட் செய்யும் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாதான் முதலில் பேசினார்.

"பையனை அவ்வளவு மிரட்டுனது தப்பு. ஆனா டாக்டருக்குப் படின்னு சொன்னதுல என்ன தப்பு?"

"உங்களுக்கு இந்தப் படத்துல அதுதான் தெரிஞ்சுதா?" என்றாள் அம்மா. அவள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஒத்தைப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கிறா அந்தப் பொம்பளை. படம் முழுக்க அவளை ஒரு வார்த்தை பேச விட்டாங்களா?"

அந்த அம்மாவை நான் கவனிக்கவே இல்லை. அடுத்த முறை பார்த்தபோது கவனித்தேன். சிகரெட்டும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருப்பாள். சண்டை பல நாள் ஓடியது. சாம்பார் பரிமாறும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும். அண்ணன் நடுவில் வாயே திறக்கவில்லை, அவனுக்கு நாடகத்தில் நாட்டமும் கிடையாது. கடைசியில் அவன் படித்தது கணக்கு. அதற்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டால், "மார்க் வரலை, அவ்வளவுதான்" என்பான்.

'ப்ரெட்டி வுமன்' வந்தபோது அம்மாவின் சட்டம் ஏறக்குறையச் செத்துப்போயிருந்தது. அதை நண்பன் வீட்டில் பார்த்துவிட்டு வந்து, முதலில் எழுதிய கதையில் முடிவு சோகமாம், பணத்தோடு கதாநாயகியைத் தெருவில் விட்டுவிட்டுப் போவதுதானாம், டிஸ்னிக்காரர்கள்தான் தேவதைக் கதையாக மாற்றிவிட்டார்கள் என்று அண்ணன் அளந்தான். நிஜம்தான். பெயரை மறைக்கலாம், பழக்கத்தை எப்படி மறைப்பது?

பிறகு அந்த முக்காடே தேவைப்படாமல் போயிற்று. இருட்டாக இருக்கிறது என்று பயந்து 1993இல் டச்ஸ்டோன் பெயரில் விட்ட 'தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்' படத்தை 2006இல் டிஸ்னி என்றே போட்டு மறுபடி வெளியிட்டார்கள். 2016இல் 'தி லைட் பிட்வீன் ஓஷன்ஸ்' படத்தோடு டச்ஸ்டோன் அடங்கியது. 'ஸ்ப்ளாஷ்' டிஸ்னியின் சொந்த இணையத் திரைக்கே வந்துவிட்டது. 2020இல் பார்த்தால், கடற்கன்னியின் பின்புறத்தை மறைக்கக் கணினியில் முடியை வளர்த்துவிட்டிருந்தார்கள்.

அம்மா தானாகக் கேட்டுத் தியேட்டருக்கு வந்த டச்ஸ்டோன் படம் ஒன்றே ஒன்று, 2002இல் 'சைன்ஸ்'. அதை இயக்கிய நைட் ஷியாமளன் பிறந்தது மாஹேயில், தாய் தமிழ், வளர்ந்தது எங்களுக்கு ஆற்றின் அந்தப் பக்கம், பிலடெல்பியா புறநகரில். எங்கள் கூட்டங்களில் அவரைத் தூக்கி வளர்க்காத மாமி கிடையாது. சோளக் காட்டுக்குள் ஏதோ ஓடும்போது அம்மா என் கையை நெரித்தாள். வெளியே வந்ததும் கேட்டேன், இது யார் கம்பெனிப் படம் தெரியுமா என்று.

"நம்ம பையன் படம்" என்றாள். "அவங்க அம்மா அவனை டாக்டருக்குப் படிக்கச் சொல்லலையா?"