குருதி மிகின்

நம்மவர் குருதியைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் அதன் குறைவையே பேசுவர். பிள்ளையின் கண்ணிமையைக் கீழிழுத்துப் பார்த்து, "இரத்தம் இல்லை" என்று கவலையுறாத தாய்மார் நம் ஊர்களில் அரியர். சிவந்த முகத்தினரைக் கண்டால் உடல்நலம் வாய்த்தவரெனப் போற்றுவதும் நம் வழக்கே. ஓய்வுபெற்ற ஆசிரியரான என் தந்தையாரின் முகம் அறுபத்து மூன்றாம் வயதிற் சிவக்கத் தொடங்கியபோது, உறவினர் ஓராண்டுக் காலம் அதனைப் பாராட்டிக்கொண்டிருந்தனர்.

அவருக்கோ காலைதோறும் தலைவலி. வெந்நீரில் நீராடிய பின்னர் உடலெங்கும் ஊசி குத்துவது போன்ற அரிப்பு. ஆனால் தோலில் ஒரு தடிப்பேனும் இல்லை. சவர்க்காரம் மாற்றப்பட்டது, எண்ணெய் மாற்றப்பட்டது. ஈற்றிற் குருதிப் பரிசோதனை செய்தபோது ஈமோகுளோபின் 100 மில்லிலீற்றருக்கு 20 கிராம் எனவும், செறிகலக் கனவளவு 61 வீதம் எனவும் தெரியவந்தன. பின்னையது, குருதியை நுண்குழாயிலிட்டு விரைந்து சுழற்றும்போது அடியிற் படியும் கலங்களின் பங்காகும். ஆண்களில் அது 49 வீதத்தைத் தாண்டினாலே காரணத்தை ஆராய்தல் வேண்டும். கலங்கள் பெருகப் பெருகக் குருதியின் பாகுநிலை அதே அளவிலன்றி அதனினும் விரைந்து ஏறுகிறது. குருதி தேங்கி ஓடுமிடத்து உறைகட்டி தோன்றும். அது மூளையிற் பாரிசவாதமாகவும், இதயத்தில் மாரடைப்பாகவும், காலின் ஆழ்நாளங்களில் வீக்கமாகவும் வெளிப்படலாம்; ஈரலின் நாளங்களையும் அடைக்கலாம்.

மருத்துவர் அடுத்து எழுப்பிய வினா என் உள்ளத்தை இன்றும் விட்டகலவில்லை. "இந்தக் கலங்களை உடல் கேட்டுப் பெற்றதா, கேளாமலே பெற்றதா?" என்றார் அவர். ஒட்சிசன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்திரோபொயற்றின் என்னும் ஓமோனைச் சுரக்கும். அதன் ஏவலால் என்பு மச்சை செங்குருதிக் கலங்களை ஆக்கும். நலமுள்ள ஒருவரில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ இருபது இலட்சம் கலங்கள் பிறக்கின்றன. புகைப்பவரிற் காபனோரொட்சைட்டு ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்வதாலும், நெடுநாள் நுரையீரல் நோயாலும், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதாலும், பிறவி இதயக் குறைபாடுகள் சிலவற்றாலும் உடல் கூடுதலாகக் கேட்கிறது. சிறுநீரகக் கட்டிகள் சில தேவையின்றியே அவ்வோமோனைச் சுரப்பதுமுண்டு. நீரிழப்பின்போது எண்ணிக்கை உயர்வதோ வெறுந்தோற்றமே. அங்கே குறைந்தது திரவவிழையம்.

உடல் கேட்டதனைப் பெற்றும் துன்புறலாம் என்பதற்குப் பெரு நாட்டின் அந்தீசு மலைகள் சான்று. நம் பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீற்றர். செரோ தெ பாசுக்கோ என்னும் சுரங்க நகரோ ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கிருந்து வந்த நோயாளி ஒருவரைக் காலோசு மொங்கே என்னும் மருத்துவர் 1925 இல் விவரித்தார். மெல்லிய காற்றை ஈடுசெய்யப் பெருகிய குருதியே அம்மக்களிற் சிலருக்கு நோயாகிவிடுகிறது. கடல்மட்டத்துக்கு இறங்கிவந்தால் அது தணியும். ஆயினும், வாழ்வாதாரம் மலைமேல் இருப்பவர்க்கு இம்மருந்து எளிதன்று.

இதற்கு மாறான ஒருவரும் உளர். 1964 ஆம் ஆண்டு இன்சுபுறுக்கு ஒலிம்பிக்கிற் பனிச்சறுக்கோட்டத்தில் இரு தங்கப் பதக்கங்கள் பெற்ற பின்லாந்து வீரர் ஏரோ மாந்தியுரந்தாவின் ஈமோகுளோபினும் 20 கிராமைத் தாண்டியிருந்தது. ஓமோனை ஏற்கும் வாங்கியிலே பரம்பரையாக வந்த ஒரு விகாரமே காரணமென 1993 இல் வெளியிடப்பட்டது. அவர் எழுபத்தாறு வயது வரை வாழ்ந்தார். இதனை நான் தந்தையாருக்குக் கூறியபோது, "அவருக்குப் பதக்கம், எனக்கு அரிப்போ?" என்றார்.

தந்தையாரின் உடல் கேட்கவில்லை. பாரிசில் வாக்கே 1892 இல் விவரித்து, 1903 இல் ஒசிலர் விரித்துரைத்த நோயே அவருடையது. அதன் காரணம் 2005 இலேயே துலங்கியது. மச்சையின் மூலக்கலமொன்றில் ஜேஏகே2 என்னும் பரம்பரையலகு மாறிவிட, ஏவல் வராதபோதும் வந்ததுபோல அக்கலம் பெருகுகிறது. இந்நோயாளரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரளவில் இம்மாற்றம் காணப்படுகிறது. மாதிரி கொழும்புக்கு அனுப்பப்பட்டு முடிவு வருமளவும் என் தம்பியும் நானும் ஒருவரையொருவர் கேளாதிருந்த வினா ஒன்றுண்டு. பெரும்பாலும் இம்மாற்றம் வாழ்நாளிற் பின்னர் தோன்றுவதேயன்றிப் பெற்றோரிடமிருந்து வருவதன்று என மருத்துவர் தாமாகவே கூறினார்.

சிகிச்சை பழைமையானது: நாளத்திலிருந்து 450 மில்லிலீற்றர் குருதியை அகற்றுதல். செறிகலக் கனவளவை 45 வீதத்துக்குக் கீழே வைத்திருப்போரில் உறைகட்டியாலும் இதயநோயாலும் நேரும் இறப்புக் குறைவென்பதை 2013 இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு காட்டிற்று. உடன் சிறிதளவு அஸ்பிரினும், வயது அறுபதைக் கடந்தமையால் ஐதரொட்சியூரியாவும் அளிக்கப்பட்டன. அகற்றிய குருதியைப் பிறருக்குக் கொடுக்கலாகாதா எனத் தந்தையார் இருமுறை கேட்டார். நோயுற்ற மச்சையின் குருதியாதலால் ஏற்கவியலாது என்ற விடை அவரைப் பெரிதும் வருத்திற்று.

வருத்தம் தாயாருக்கு வேறு வகையில் வந்தது. குருதி அகற்ற அகற்ற உடலின் இரும்பு குறைந்து, மிகுந்த குருதியுடையவரே சோர்ந்தார். இரும்பு மாத்திரை கொடுப்பின் மச்சை மீண்டும் விரைந்து ஆக்கும். ஆகவே அது விலக்கப்பட்டது. "ஆள் இப்பிடி இளைக்கிறார். ஒரு முருங்கையிலையாவது குடுக்கக்கூடாதோ, டொக்டர்?" என்று தாயார் கேட்டார். வழக்கமான உணவுக்குத் தடையில்லை, மாத்திரையும் பாணியும் மட்டும் வேண்டாமென்றார் மருத்துவர். அன்று மாலை முருங்கையிலைச் சுண்டல் சமைக்கப்பட்டது. சென்ற மாதப் பரிசோதனையிற் செறிகலக் கனவளவு 44. மண்ணீரல் மட்டும் விலாவுக்குக் கீழே இரண்டு விரலளவு தட்டுப்படுகிறது. அதனை ஆறு மாதத்தின் பின் மீண்டும் பார்ப்பார்களாம்.