நல்ல தொப்பி, நல்ல பூட்ஸ்

ப்ராட்ஹெம்பரி கிராமத்து வீடுகளில் கூர்மையான மூலையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், ப்ளாக்டவுன் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். வெளிர் நிறத்தில் வெள்ளையடித்த சுவர்கள், அவற்றின் மேல் தடித்த வைக்கோல் கூரைகள். ஒவ்வொரு சுவரும் தெருமுனையில் மழுங்கி, வளைந்தே திரும்புகிறது. அழகுக்காகச் செய்ததல்ல இது. மண் சுவர் காயும்போது கூரான மூலையில்தான் முதலில் விரிசல் விடும் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சுவருக்குள் செங்கல் இல்லை, மரச்சட்டமும் இல்லை. களி, மணல், சரளை கலந்த அடிமண், வைக்கோல், தண்ணீர், அவ்வளவுதான். டெவன்காரர்கள் இதைக் 'காப்' என்கிறார்கள்.

காப் உருவாவதைப் பார்க்க க்ரெடிட்டன் பக்கம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். அங்கே மண் நல்ல செம்மண். பழைய தொழுவத்தின் ஒரு பக்கச் சுவர் சரிந்து கிடந்தது. வயதான கொத்தனார் ஒருவரும் அவரிடம் தொழில் பழகும் இளம்பெண்ணும் அதைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தார்கள். விழுந்த மண்ணையே குவித்து, கல்லும் வேரும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து ஊறவைத்திருந்தார்கள். முன்னூறு ஆண்டு பழைய சுவராக இருந்தாலும் அதன் மண் வீணாவதில்லை. நனைத்துக் குழைத்தால் மறுபடி சுவராகிவிடும்.

அந்தப் பெண் வைக்கோலை உதறிப் பரப்பி மிதிக்கத் தொடங்கினார். குதிகாலை ஊன்றி, பாதத்தை அரைவட்டமாகத் திருப்பி, ஒரே சீராக மிதிக்கவேண்டும். அந்தக் காலத்தில் இதற்கு மாடுகளை விட்டு மிதிக்க வைத்ததும் உண்டு. எடைக்கணக்கில் வைக்கோல் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான் சேர்கிறது. ஆனால் காயும்போது மண் சுருங்கிப் பெரிய வெடிப்பு விடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். கலவை பதமாகிவிட்டதா என்று பார்க்கப் பெரியவர் ஒரு பிடியை உருட்டிக் கீழே போட்டார். தண்ணீர் குறைந்தால் உருண்டை உதிர்ந்துவிடும், கூடினால் சப்பையாகப் பரவிவிடும். இது லேசாகத் தட்டையாகி, உருண்டையாகவே நின்றது.

"இன்னும் கொஞ்சம் மிதிம்மா. உன் பூட்ஸை இழுக்கவே சிரமப்படணும். அப்பத்தான் அது பதம்," என்றார்.

மிதித்த மண்ணைக் கவைக்கோலால் கட்டி கட்டியாக அள்ளிச் சுவர்மேல் போட்டு, மேலே நின்று மிதித்து இறுக்குகிறார்கள். பலகை அடைப்பு எதுவும் கிடையாது. இரண்டு, மூன்று அடி உயரத்துக்கு ஒரு படை. பக்கவாட்டில் பிதுங்கி நிற்பதைத் தட்டையான இரும்புக் கருவியால் செங்குத்தாகச் செதுக்குகிறார்கள். அந்தப் படை காய்ந்து இறுகிய பிறகே அடுத்தது. சுவரின் கனம் குறைந்தது இரண்டடி. ஆகவே முழு வீட்டுக்கு ஒரு கோடை தேவைப்படும், சில சமயம் அடுத்த கோடையும். உறைபனிக் காலத்தில் ஈரச்சுவர் தாங்காது.

காப் வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல பூட்ஸும் கொடுத்தால் போதும், காலத்துக்கும் நிற்கும் என்பது டெவனின் பழஞ்சொல். தொப்பி என்பது இறவாணம் நீட்டிய வைக்கோல் கூரை. பூட்ஸ் என்பது தரையிலிருந்து ஒன்றரை, இரண்டடி உயரத்துக்குக் கட்டும் கல் அடித்தளம். மேலிருந்து மழை இறங்கக்கூடாது, கீழிருந்து ஈரம் ஏறக்கூடாது. இடைப்பட்ட சுவர் கொஞ்சம் நனையும், பிறகு காற்றில் காயும்.

ஏழைகள் மட்டும் இவ்வீடுகளில் வாழ்ந்தார்கள் என்று எண்ணவேண்டாம். எலிசபெத் அரசியின் அவையில் கொடிகட்டிப் பறந்த சர் வால்டர் ராலே பிறந்தது கிழக்கு பட்லி அருகே ஹேய்ஸ் பார்ட்டன் என்ற காப் வீட்டில். தான் பிறந்த வீடு என்பதற்காகவே அதை விலைக்குக் கேட்டு 1584இல் கடிதம் எழுதினார். வீடு கிடைக்கவில்லை. அந்த வீடு மட்டும் இன்றும் நிற்கிறது.

இதைவிட என்னை வியக்கவைப்பவை டெவனின் சில பழைய வீடுகளில் கூரைக்கு அடியில் இருக்கும் கரி படிந்த வைக்கோல் அடுக்குகள். இடைக்காலத்தில் அந்த வீடுகளுக்குப் புகைபோக்கி இல்லை. நடுக்கூடத்தில் நெருப்பு எரியும், புகை கூரை வழியே கசிந்து வெளியேறும். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் புகைபோக்கி கட்டி, கூடத்தின் மேல் மாடித்தளமும் போட்டார்கள். பழைய கூரையைப் பிரிக்காமல் அதன்மேலேயே புது வைக்கோல் வேய்வது இங்கே வழக்கம் என்பதால், புகை குடித்த அந்த அடியடுக்கு அப்படியே தங்கிவிட்டது. அன்றைய வயல்களில் விளைந்த கோதுமையின், ரை தானியத்தின் கதிர்களை ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்துப் படிக்கிறார்கள்.

பிறகு ரயில் வந்தது, மலிவான செங்கல் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காப் வேலை அருகத் தொடங்கியது. கட்டடக் கலைஞர் எர்னஸ்ட் கிம்சன் 1910 வாக்கில் பட்லி சால்டர்ட்டனில் காப் சுவரும் வைக்கோல் கூரையுமாக ஒரு பெரிய வீட்டைக் கட்டினார். முதல் உலகப்போர் முடிந்து செங்கல்லுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, இன்னொரு கட்டடக் கலைஞரான க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் 1919இல் மண் கட்டுமானம் பற்றித் தனி நூலே எழுதினார். அப்படியும் தொழில் மீளவில்லை. மிதிப்பதன் பதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பழக முடியும். சொல்லித்தரும் தலைமுறை குறைந்தபின் நூல் என்ன செய்யும்?

பதம் தெரியாதவர்கள் கைக்குப் போனதும் வந்தது சிமென்ட். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு, பலமாக இருக்கட்டும் என்று சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. அதில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும், உள்ளே போன மழைநீர் வெளியேற வழியின்றிச் சுவரின் அடியில் தேங்கும். நான் பார்த்த தொழுவத்தில் சரியாமல் நின்ற பகுதியிலிருந்து பெரியவர் ஒரு சிமென்ட் பாளத்தைப் பெயர்த்தார். அரையங்குலக் கனத்தில் பலகைபோல் கழன்று வந்தது. பின்னால் இருந்த மண்ணை விரலால் அழுத்தினேன். முதல் கணு வரை உள்ளே போனது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தச் சுவரில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. பல காப் சுவர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரே இரவில் சரிவதற்குக் காரணம் இதுதான். நூற்றாண்டுக்கணக்கான மழையைத் தாங்கிய சுவரைக் காப்பதாக எண்ணிப் பூசிய பூச்சே சாய்த்துவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

தொழில் மீண்டதற்கு ஆல்ஃப்ரட் ஹோவர்ட் என்ற கைவினைஞருக்கு நன்றி சொல்லவேண்டும். டவுன் செயின்ட் மேரி கிராமத்தில் 1978இல் அவர் காப்பால் ஒரு பேருந்து நிழற்குடை கட்டினார். சின்னக் கட்டடம்தான், ஆனால் புதிதாகவும் காப் கட்டலாம் என்று அது காட்டியது. அடுத்த பதிற்றாண்டுகளில் புது வீடுகளே எழுந்தன.

இப்போதைய தடை வெப்பக் காப்பு விதிகள். காப் சுவர் பகல் சூட்டை வாங்கி மெதுவாக விடும், ஆனால் குளிர்காலத்தில் அறையின் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் இன்றைய அளவுகோலுக்கு எட்டவில்லை. ப்ளிமத் பல்கலைக்கழகம் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 'காப்போஜ்' என்ற திட்டத்தில் இதற்கு வழி கண்டது. சுமை தாங்கக் கனமான காப், அதையொட்டிச் சணல்தக்கை போன்ற நார் மிகுந்த இலேசான மண் அடுக்கு, இரண்டும் சேர்ந்து ஒரே சுவர். அந்த முறையில் தங்கள் வளாகத்திலேயே ஒரு கட்டடமும் எழுப்பியிருக்கிறார்கள்.

பெரியவருக்கு அதில் ஆர்வம் உண்டு, ஆனால் அவசரம் பழைய வீடுகளுக்குத்தான் என்கிறார். தொழுவம் முடிந்ததும் அடுத்த ஊரில் ஒரு குடிசை வீட்டின் மேற்குச் சுவர் காத்திருக்கிறது. இலையுதிர் காலத்துக்குள் சிமென்ட்டை உரித்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்பு பூசியாகவேண்டும். "அந்த வேலையை இவங்களே முன்நின்னு செய்வாங்க," என்று அந்தப் பெண்ணைக் காட்டிவிட்டு, அடுத்த படைக்கு மண் அள்ளப் போனார்.