மாம்பழ மின்சாரம்

கரண்ட் போன ராத்திரியில்தான் எனக்கு விஞ்ஞானம் வரும். நேற்றும் வந்தது.

ஆனி பௌர்ணமிக்கு எங்க காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். விழுகிற அந்தச் சக்தியெல்லாம் வீணாகிறதே! கால் கிலோ பழம், நாலு மீட்டர் உயரம் என்று வைத்தால் ஏறக்குறைய 10 ஜூல். 10 வாட்ஸ் எல்இடி பல்பு ஒரே ஒரு நொடி எரியும். ஒரு மணி நேர வெளிச்சத்துக்கு 3,600 பழம், அதுவும் சேதாரம் இல்லாமல்.

வீட்டம்மாவிடம் சொன்னேன். "பழக்கூடையை மாடிக்குத் தூக்கிட்டுப் போறது யாரு, உங்க முட்டிவலியா?" என்றாள். ஆற்றல் அழிவின்மை விதியை எந்த வாத்தியாரும் இவ்வளவு சுருக்கமாக நடத்தியதில்லை.

சரி, பெட்ரோலாவது மிச்சமாகட்டும். காரைக்கால் அம்மையார் கயிலாயத்துக்குத் தலையாலேயே நடந்தவர்; சொட்டு எரிபொருள் செலவில்லை. நாகப்பட்டினத்திலிருக்கும் என் மச்சானோ, இங்கே வரி குறைவு என்று 20 கிலோமீட்டர் வண்டியோட்டி வந்து டேங்க் நிரப்பி, மறுபடி 20 கிலோமீட்டர் எரித்துக்கொண்டு போகிறார். லாபம்தான் என்று சத்தியம் வேறு.

திருவிழாவுக்குப் பழம் பிடிக்க வர்றவங்க தயவுசெஞ்சு பஸ்ஸுல வாங்க.