மாரிகுப்பம் ரயிலில் ஒரு கிளாரினெட்

கோலார் தங்கவயலைப் பற்றி இப்போது செய்தி வந்தால் மண்ணைப் பற்றித்தான் வருகிறது. அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும் 13 சயனைடு மண்மேடுகளில் மிஞ்சிய தங்கத்தைப் பிரித்தெடுக்க, 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தச் செய்தியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நண்பர் சொன்னார்: “மண்ணைப் பத்தி எழுத நெறைய பேர் இருக்காங்க. எங்க லைன்ல ஒரு கிளாரினெட்காரர் இருக்கார். அவரைப் போய்ப் பாருங்க.”

காலை ரயிலில் போனேன். பங்காருப்பேட்டையில் பிரியும் கிளைப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று நின்று நின்று மாரிகுப்பத்தில் முடிகிறது. நான் போன பெட்டியில் ஏழெட்டுப் பேர்தான். எதிரே பெங்களூருக்குப் போன ரயிலில் படிக்கட்டு வரை கூட்டம். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியதிலிருந்து இந்த ஊர் தினமும் விடியற்காலையில் வேலைக்காக வெளியே போய், இருட்டிய பிறகு திரும்பி வருகிறது.

சாம்பியன் ரீஃபில் இறங்கினால் வரிசை வரிசையாகச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அதில் ஒரு வீட்டு வாசலில் பெரிய டிரம் சாய்த்து வைத்திருந்தது. தோலில் சிவப்பு எழுத்தில் பேண்டு செட்டின் பெயர், கீழே ஒரு கைபேசி எண். உள்ளே சுவரில் அம்பேத்கர், பக்கத்தில் புத்தர். பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். “வாங்க தம்பி, மொதல்ல டீ குடிங்க” என்றார். ட்ரம்பெட் வாசிக்கும் இளைஞரும், யூபோனியம் வாசிக்கும் இன்னொரு முதியவரும் இருந்தார்கள். இளைஞர் தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து மேற்கத்திய நோட்டேஷனை விளக்கினார். அதில் பாதி எனக்கு விளங்கவில்லை. என் கண்ணெல்லாம் பெரியவர் மடியில் இருந்த கறுப்புக் கிளாரினெட்டின் மீதே இருந்தது.

ஒரு காலத்தில் கிளப்பில் நடன இசை வாசித்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது இவருடைய மாஸ்டருக்கு விற்றுவிட்டுப் போன வாத்தியம் அது. மரம் நெய் தடவியதுபோல் மின்னியது. சாவிகளுக்கு அடியில் இருக்கும் தோல் வட்டுகளைப் பழைய கையுறையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்தார். ஒரு ஸ்பிரிங் போய்விட்டதால் அந்த இடத்தில் ரப்பர் பேண்டு. பாகங்கள் பொருந்தும் இடத்தில் தக்கைக்குப் பதிலாக மெழுகு தேய்த்த நூலைச் சுற்றியிருந்தார்.

பிறகு ரீடை எடுத்தார். ஒரு விரல் நீள நாணல் துண்டு. அதை நாக்கில் ஊறவைத்து, கண்ணாடித் துண்டின் மேல் கிடத்தி, பிளேடால் நுனியை இழைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மறுபடி இழைத்தார். “இடது ஓரம் கனமா இருக்கு. இதோட வாசிச்சா மேல் ஸ்தாயியில கீச்சுன்னு கத்தும்.” ஒரு ரீடுக்கு அரை மணி நேரம் ஆனது. நாங்கள் யாரும் பேசவில்லை.

புல்லாங்குழலில் அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் அடுத்த ஸ்தாயியில் வரும். கிளாரினெட்டில் அப்படி வராது. கீழே ஷட்ஜம் பிடித்த அதே விரல்களோடு மேல் சாவியைத் திறந்தால், அடுத்த ஸ்தாயியின் பஞ்சமம் பேசும். அதனால் கீழுக்கு ஒரு விரல்கணக்கு, மேலுக்கு வேறொரு விரல்கணக்கு. இதை எனக்கு அவர் மூன்று முறை வாசித்துக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சையின் சதிர் மேளத்துக்கு இந்த வாத்தியத்தைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பார்கள். அதைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் தனி வாத்தியமாக நிலைநிறுத்தியவர் ஏ.கே.சி. நடராஜன். 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பெரியவர் அவர் வாசிப்பை ரேடியோவில் கேட்டுத்தான், துளையைப் பாதி மூடிக் கமகம் கொண்டுவரலாம் என்று கற்றுக்கொண்டாராம். “மாஸ்டர் எனக்கு நோட்ஸ் குடுத்தார். ரேடியோ எனக்கு அழுகையைக் குடுத்துச்சு.”

பெரியவருடைய தாத்தா வட ஆற்காட்டுக் கிராமத்தில் பறையடித்தவர். விருப்பப்பட்டு அடித்தவர் இல்லை. ஊரில் சாவு விழுந்தால் கூப்பிட்ட நேரத்தில் போயாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை உதறிவிட்டுத்தான் தங்கவயலுக்கு வந்தார். ஜான் டெய்லர் கம்பெனி 1880-களில் சுரங்கத்தை விரித்த காலத்திலிருந்து வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் அப்படி வந்தவர்கள் ஏராளம். சுரங்கத்தில் உயிருக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் கூலி கையில் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை விட்டது. 1914-ல் அவர் மறைந்த பிறகு, அவருடைய ‘தமிழன்’ இதழ் இந்த ஊரிலிருந்து மறுபடி வெளிவந்தது. படிப்பும் மானமும் பேசிய மண் இது.

“எங்க அப்பா பேண்டு செட்டுல சைட் டிரம் எடுத்தார். ஏன் தெரியுமா? அதுக்கு யூனிபார்ம் உண்டு. தொப்பி உண்டு. காலுக்கு ஷூ உண்டு. வாசிக்கக் கூப்பிடறவன் தேதி சொல்லி, முன்பணம் குடுத்துக் கூப்பிடணும்.” அப்பாவின் பித்தளைப் பொத்தான் ஒன்றை அவர் இன்னும் கிளாரினெட் பெட்டியில் வைத்திருக்கிறார். இன்று பறை தலைநிமிர்ந்து மேடை ஏறியிருக்கிறது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்த நாள் வருவதற்கு முன்னால், கட்டாயப் பறையை மறுத்த ஒரு தலைமுறை தன் தாளத்தை விடாமல் காப்பாற்றிக்கொண்ட இடம் பேண்டு செட். இசை வரலாறு எழுதுகிறவர்கள் இதை எழுதியாக வேண்டும்.

பெரியவர் இருபத்திரண்டு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கினார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். தோண்டிய இடத்தில் முதலில் இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டிப் பார்ப்பார்கள். கெட்டிப் பாறை கணீரென்று பேசும். விட்டுப்போன பாறை, ஈரம் கோத்த மேளம்போல் பொத்தென்று சொல்லும். அந்தச் சத்தம் கேட்டால் விலகி ஓட வேண்டும். “என் காதை மாஸ்டர் பாதி செஞ்சார், பாறை பாதி செஞ்சுது” என்றார். தட்டிப் பார்த்தும் தப்ப முடியாதது ஏர் பிளாஸ்ட். பாறை தன்னாலேயே வெடித்துச் சரியும். அதில்தான் அவருடைய கூட்டாளி போனார்.

அந்தச் சாவுக்கு அவரே ஒரு மெட்டுக் கட்டினார். எனக்கு வாசித்துக் காட்டினார். முழுக்கக் கீழ்ஸ்தாயி. மேல் சாவியை ஒரு தடவைகூடத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். “அழறவங்க குரல் மேலே மேலே போகும் தம்பி. வாத்தியம் கீழே இருந்து தாங்கணும்.” இன்று பல லைன்களில் பல செட்டுகள் அந்த மெட்டை வாசிக்கின்றன. கட்டியவர் இவர் என்று அவற்றில் பலருக்குத் தெரியாது. ட்ரம்பெட் இளைஞருக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் சட்டென்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

வாசித்து முடித்ததும் பெரியவர் நெடுநேரம் இருமினார். தங்கம் இருந்தது படிகக்கல்லில். அதன் தூள்தான் நுரையீரலை அடைக்கும் சிலிக்கோசிஸைத் தரும். 1940-களில் இங்கே 7,653 தொழிலாளர்களைச் சோதித்த மருத்துவ ஆய்வு, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருப்பதைக் கண்டது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய பேச்சே தங்கவயலில்தான் தொடங்கியது. இவர் காலத்தில் தண்ணீர் விட்டுத் துளைபோட்டார்கள், தூசி குறைந்தது. ஆனாலும் முன்பு ஒரே மூச்சில் வாசித்த வரியை இப்போது இரண்டாக உடைக்கிறார். எங்கே உடைத்தால் பாட்டுக் கெடாது என்று யோசித்து, அந்த இடத்தைச் சங்கதியாக மாற்றிவிடுகிறார்.

சுரங்கம் மூடிய பிறகு, பொழுதுபோக்காக இருந்த கலையே பிழைப்பாயிற்று. கல்யாணம் இருக்கும் இடம் பெங்களூரு. கல்யாண வீட்டாருக்கும் வாசிப்பவருக்கும் நடுவில் எத்தனை பேர் என்று கேட்டபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. ஈவென்ட் கம்பெனி, அதற்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட், அவருக்குக் கீழே இன்னொருவர். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் தங்கி, மிச்சம்தான் வாத்தியக்காரருக்கு. அதிலும் யூனிபார்ம் சலவை, வேன் வாடகை என்று பிடித்தம். பாக்கியை அடுத்த முகூர்த்தத்தில் தருவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அப்போது அரிசிக்கும் பீஸுக்கும் அதே ஏஜென்ட் முன்பணம் கொடுப்பார். வாங்கியவர் தை பிறந்ததும் அவர் சொன்ன விலைக்குத்தான் போக வேண்டும். தாத்தா உதறிவிட்டு வந்த கட்டாயம் கடன் ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது.

டிரம்மில் பார்த்தேனே, அந்த எண்ணும் கல்யாணத்தில் தெரியக் கூடாதாம். மண்டபத்துக்குள் நுழையும் முன் ஏஜென்டின் பெயர் அச்சடித்த துணியை டிரம் மேல் கட்டிவிட வேண்டும். கல்யாண வீட்டார் நேராகக் கூப்பிட்டுவிட்டால் நடுவில் இருப்பவருக்கு நஷ்டம். இசையை விலைக்கு வாங்கிக்கொண்டு, இசைத்தவரின் பெயரைத் துணி போட்டு மூடுகிறார்கள். இது வியாபார வழக்கம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், இது அநியாயம். அழைப்பிதழில் சமையல்காரர் பெயரைப் போடுகிற வீட்டார், வாசிக்கிற செட்டின் பெயரையும் எண்ணையும் போடட்டும். வாசித்து முடித்ததும் கூலியை வாசித்தவர் கையில் கொடுக்கட்டும்.

முதிய கலைஞர்களுக்குக் கர்நாடக அரசின் கன்னட, பண்பாட்டுத் துறை மாசாசனம் என்ற உதவித்தொகை தருகிறது. தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. கர்நாடகத்தில் வாழ்வதால் அந்த வாரியம் பெரியவருக்கு எட்டாது. மாசாசனத்துக்கோ கன்னடத்தில் விண்ணப்பம் எழுதித்தர ஆள் தேட வேண்டும், எந்த மேடையில் வாசித்தீர்கள் என்பதற்குச் சான்றிதழ் கேட்பார்கள். சவ ஊர்வலத்துக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? “அந்தத் தெரு கொடுக்கும்” என்றார் யூபோனியக்காரர். இந்தப் பதிலைத் துறையில் இருப்பவர்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாயங்கால ரயிலில் அவர்களோடுதான் திரும்பினேன். அன்று இரவு பெங்களூரில் ஒரு வரவேற்பு. டிரம்மைக் கதவோரம் நிறுத்தியிருந்தார்கள். பெரியவர் கிளாரினெட் பெட்டியை மார்போடு அணைத்தபடி ஜன்னலோரம் தூங்கிப்போனார். உரிகத்தில் ஏறிய ஒரு பெண் டிரம்மைப் பார்த்துவிட்டு, “தை மாசம் என் தங்கச்சி கல்யாணம். இது யாரு நம்பர் தம்பி?” என்று கேட்டார்.

ட்ரம்பெட் இளைஞர் எழுந்து நின்றார். “எங்க நம்பர்தாங்க்கா. நேரா எங்களையே கூப்பிடுங்க.”

அந்தப் பெண் தன் கைபேசியில் அந்த எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் பதிந்துகொண்டார்.