கூட்டமில்லா நேரம்

"பொழுதுபோக்கு என்ன உமக்கு?" என்று கேட்டார் நண்பர். பூப்பந்தா, புகைப்படமா, பழங்காசு திரட்டுவதா, பாட்டுக் கேட்பதா என்று பட்டியலும் நீட்டினார். "இராகுகாலத்தில் கடைத்தெருவுக்குப் போய்வருவது!" என்றோம். கேலி பேசுகிறோம் என்று எண்ணிச் சிரித்தார். கேலி அல்ல, மெய்யாகவே நமது பொழுதுபோக்கு அதுதான். செலவில்லாதது, சேதமில்லாதது, சுவையிலோ எதற்கும் சளைக்காதது!

தபால்தலை திரட்டுவோர், தலையின் விளிம்பிலே எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து இன்புறுவர். நாம் நாட்காட்டித் தாளின் அடியிலே பொடி எழுத்தில் அச்சாகும் நேரத்தைப் பார்த்து இன்புறுகிறோம். திங்களன்று 7.30 முதல் 9, சனியன்று 9 முதல் 10.30, வெள்ளியன்று 10.30 முதல் 12, புதனன்று 12 முதல் 1.30, வியாழனன்று 1.30 முதல் 3, செவ்வாயன்று 3 முதல் 4.30, ஞாயிறன்று 4.30 முதல் 6. நாட்காட்டியை நம்புவோர் இந்த நேரத்தைப் பார்த்து உள்ளே போகிறார்கள். நாமோ அதே நேரத்தைப் பார்த்து வெளியே கிளம்புகிறோம். நாட்காட்டி அச்சிட்டவருக்கு இருவருமே வாடிக்கையாளர்தாம்!

இதில் என்ன இன்பம் என்று கேட்கலாம். சொல்கிறோம். நகைக்கடைப் பக்கம் போனால், மற்ற நேரத்தில் முகம் கொடுத்தும் பேசாத கடைச்சிப்பந்தி, நாற்காலி இழுத்துப் போட்டுக் குளிர்ந்த நீரும் தருகிறார் — ஒரு மூக்குத்தித் திருகாணி வாங்க வந்த நமக்கு! புதுவண்டி விற்கும் கடையில், வண்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்குகிறார் இளைஞர் ஒருவர், வாங்கமாட்டோம் என்று தெரிந்தும்கூட. பாத்திரக்கடையிலே பேரம் பேச ஆள் கிடைக்காமல் ஏங்கியவர் போல, விலையை அவரே குறைத்து, அவரே வருந்தி, அவரே கட்டியும் கொடுக்கிறார். கூட்டத்திலே சரக்காக நடத்தப்படும் மனிதன், கூட்டமில்லா நேரத்திலே மனிதனாக நடத்தப்படுகிறான். அந்த இன்பத்தை நமக்கு வழங்கும் வள்ளல் இராகு. நன்றி மறக்கலாமா?

கடைக்காரர் கடைப்பிடித்தால் அவர் காசு, அவர் பாடு. ஆட்சி அலுவலகமும் அல்லவா நல்ல நாள் பார்க்கிறது! முகூர்த்த நாட்களில் பத்திரம் பதிய மக்கள் மொய்ப்பதால், சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றுக்கு நாள்தோறும் தரும் 100 டோக்கனை 150 ஆக உயர்த்தித் தருவதாகப் பதிவுத்துறை அறிவிப்பதை ஏடுகளில் காண்கிறோம். இராகுகாலத்திலேயே மாலை மாற்றி மணம் முடித்துக் காட்டினர் நம் இயக்கத்துப் பெரியோர். அத்தகைய சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது 1967-ஆம் ஆண்டில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது. மணமக்கள் அஞ்சாத நேரத்தைக் கண்டு மனைப்பத்திரம் அஞ்சுகிறது. ஈதன்றோ விந்தை!

எதிர்வீட்டுத் திண்ணையிலே ஓர் அம்மையார் உண்டு. எழுபதைத் தாண்டியவர். நமது பொழுதுபோக்குக்கு அவரே முதல் இரசிகர், முதல் எதிரியும் அவரே. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினால் போதும், குரல் வரும்.

"தம்பி, மணி என்னான்னு பாத்தீங்களா?"

"பார்த்துத்தான் அம்மா கிளம்பினோம்!"

"எல்லாத்துக்கும் ஒரு விளையாட்டு உங்களுக்கு."

திரும்பி வரும்போது, வாங்கிய முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டுவோம். "இராகு கொடுத்தனுப்பினார்" என்போம். அவர் சிரிப்பார். சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டு, "வாயைக் கழுவுங்க" என்பார். நான்கு ஆண்டுகளாக நாள் தவறாமல் நடந்துவரும் நாடகம் இது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடவேண்டும். இந்த விளையாட்டைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, அஞ்சலகப் படியில் வழுக்கி விழுந்தோம். முழங்கால் சிராய்த்தது. அப்போது நம் மனத்தில் முதலில் தோன்றியது எது தெரியுமா? படியில் தேங்கிய மழைநீர் அல்ல, நாட்காட்டித் தாள்! பகுத்தறிவு பேசும் நாவுக்குப் பின்னால், பாட்டி சொன்ன பயம் பதுங்கிக் கிடந்தது. வெட்கினோம். வெட்கியதோடு நில்லாமல் ஒரு குறிப்பேடு வாங்கினோம். இராகுகாலத்தில் நிகழ்ந்த நல்லது ஒரு பக்கம், கெட்டது மறுபக்கம். இராகுகாலம் அல்லாத நேரத்துக்கும் அவ்வாறே. சில திங்கள் சென்றதும் ஏட்டைப் புரட்டினால், வழுக்கி விழுந்ததும், பேனா தொலைந்ததும், குடை மறந்ததும் எல்லா நேரத்திலும் சமமாகவே சிதறிக் கிடந்தன. கெட்டது நடந்தால் மட்டும் நேரத்தைப் பார்க்கிறோம், நல்லது நடந்தால் பார்ப்பதில்லை. இராகுவின் முழு வலிமையும் இந்த ஒருபக்கக் கணக்கிலே அடங்கிக் கிடக்கிறது.

அதே ஏட்டின் கடைசிப் பக்கத்திலே ஒரு நாள் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டோம். இராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, ஆக நாளொன்றுக்கு மூன்று மணி. இருபத்துநான்கில் மூன்று என்றால் எட்டில் ஒரு பங்கு. அறுபது ஆண்டு ஒருவர் இவ்விரண்டுக்கும் அஞ்சி வாழ்ந்தால், இழக்கும் காலம் எவ்வளவு? அறுபதை எட்டால் வகுத்தோம். வந்த விடை: ஏழரை ஆண்டு! சனியைத் தேடிச் சோதிடரிடம் செல்லவேண்டியதில்லை. ஏழரை ஆண்டைப் பிடித்துக்கொண்டு போகும் சனி, சுவரில் ஆணியடித்து நாமே மாட்டிவைத்த தாளிலே தொங்குகிறது!

மெய்யான சனிக்கோளின் கதி இன்னும் வேடிக்கை. 2023-ஆம் ஆண்டு சனிப்பெயர்ச்சி சனவரி 17 என்றது திருக்கணிதம், டிசம்பர் 20 என்றது வாக்கியம். ஒரே சனி, ஒரே வானம், இடையிலே பதினொரு திங்கள்! தொடர்வண்டி பதினொரு நிமிடம் தாமதித்தால் நிலையத் தலைவரிடம் சண்டை பிடிக்கிறோம். பஞ்சாங்கத்திடம் மட்டும் பணிவு காட்டுகிறோம்.

இராகு யார்? கோளா? அன்று. நிலவு செல்லும் பாதை, கதிரவன் செல்வதாகத் தோன்றும் பாதைக்கு ஏறக்குறைய ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அவற்றில் ஒன்றுக்குப் பெயர் இராகு, மற்றொன்றுக்குக் கேது. கல்லில்லை, மண்ணில்லை, எடையில்லை. இரு கோடுகள் சந்திக்கும் இடம், அவ்வளவே! பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, அதில் ஒரு பகுதியை இப்புள்ளிக்கு மானியமாக எழுதிவைத்தனர் முன்னோர். வடநார்வே நகரமாம் டிரோம்சோவிலே மே 20 வாக்கில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு திங்கள் கதிரவன் மறைவதே இல்லை. பொழுது சாயாத ஊரிலே பகலை எட்டாகப் பகுப்பது எங்ஙனம்? இராகு அங்கே விடுமுறையில் இருப்பார் போலும்!

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கங்கண மறைப்பு நம் திருச்சி வழியாகவே சென்றது. வேப்பமரத்தடியிலே நின்றோம். இலை இடுக்குகளில் ஒழுகிய ஒளியெல்லாம் தரையிலே பிறைபிறையாய், ஆயிரம் பிறைகளாய் விழுந்து கிடந்த அழகை என்னென்பது! பின்பு காலை ஒன்பதரை மணி அளவில் பிறைகள் வளையங்களாயின. பாம்பு விழுங்குகிறது என்று கதவடைத்தோர் இழந்த காட்சி அது. கையிலே இட்டிலித் தட்டோடு மொட்டைமாடி ஏறினோம். எதிர்வீட்டு அம்மையார் சன்னல் வழியே, "தம்பி, இதுவுமா?" என்றார். "அம்மா, வியாழனன்று இராகுகாலம் பிற்பகல் ஒன்றரைக்கு. பாம்பு காலையிலேயே வந்துவிட்டது, அலுவல் நேரம் அதற்கே தெரியவில்லை!" என்றோம். சன்னல் சாத்தப்பட்டது. உள்ளே சிரிப்பொலி கேட்டது.

இப்படியே சிரிப்பும் சீண்டலுமாகச் சென்றிருந்தால் இக்கட்டுரைக்கு இங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருப்போம். ஒரு வெள்ளிக்கிழமை வந்தது.

மணி பத்தே முக்கால். பையோடு படியிறங்கினோம். வழக்கமான குரல் வரவில்லை, அழுகுரல் வந்தது. ஓடினோம். அம்மையாரின் கணவர் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். வாய் ஒருபுறம் கோணியிருந்தது. வலக்கை தூக்க வரவில்லை. பேச்சு குழறிற்று. "மருத்துவமனைக்குத் தூக்குங்கள்" என்றோம். வந்திருந்த உறவினர், வயதில் மூத்தவர், கையை உயர்த்தினார். "பன்னிரண்டு அடிக்கட்டும். இந்த நேரத்திலே எடுத்துக்கொண்டு போனால் ஆள் திரும்பமாட்டார்" என்றார். கொடியவர் அல்லர் அவர். கண்கள் கலங்கியிருந்தன. அன்பு இருந்தது அவரிடம், ஆனால் அந்த அன்பின் கையை அச்சம் இறுகப் பிடித்திருந்தது.

பன்னிரண்டு அடிக்க ஒன்றேகால் மணி! அந்த வேளையிலே நமக்கு நா எழவில்லை. ஏழரை ஆண்டுக் கணக்கும், நார்வேயும், பாம்பின் அலுவல் நேரமும் எங்கோ ஓடி ஒளிந்தன. கண்ணீர் வடிப்பவர் முன் கணக்குச் சொல்ல மனம் வரவில்லை. அம்மையார் நம்மைப் பார்த்தார். நம் கையில் தொங்கிய வெறும் பையைப் பார்த்தார். பிறகு உறவினரிடம் சொன்னார்:

"இந்தத் தம்பி நாலு வருசமா இந்த நேரத்திலேதான் போறார், வர்றார். நான்தான் தினமும் பாக்கிறேனே, ஒண்ணும் ஆகலை. தூக்குங்க."

108-க்குச் சொன்னோம். வண்டி வந்தது. அந்த வண்டியிலே நாட்காட்டி இல்லை. மருத்துவமனையில் மருத்துவரும் முதலில் நேரத்தைத்தான் கேட்டார்! "எத்தனை மணிக்கு இப்படி ஆயிற்று? கடைசியாக நன்றாக இருந்தது எப்போது?" மூளைக்குச் செல்லும் குழாயில் அடைப்பென்றால், அதைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போடவேண்டும், முந்துமளவு நலம் என்றார். தலையைப் படம் பிடித்துப் பார்த்தனர், அடைப்புத்தான் என்றனர், ஊசி போட்டனர். நான்கரை மணியிலே ஓர் இராகுகாலம் தின்னக்கூடியது மூன்றில் ஒரு பங்கு! நல்ல நேரம் என்று ஒன்று உண்டு, நண்பர்களே. அதைக் குறிப்பது பஞ்சாங்கம் அல்ல, நோயாளியின் நாடி.

பெரியவர் பிழைத்தார். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பிற்று. வலக்கையிலே சிறிது தளர்ச்சி இன்னும் உண்டு. திண்ணையிலே பந்து ஒன்றைப் பிசைந்து பயிற்சி செய்கிறார்.

அன்றிரவு தூக்கம் பிடிக்கவில்லை நமக்கு. நாம் நாள்தோறும் தூக்கிக் காட்டிய முருங்கைக்காயிலே சற்று அகந்தையும் இருந்தது, உண்மை. "வென்றோம் பார்!" என்ற மிடுக்கு. ஆனால் அம்மையாரை அசைத்தது அந்த மிடுக்கு அல்ல, நமது நகைச்சுவையும் அல்ல. போனவன் திரும்பி வந்தான் என்ற எளிய காட்சி, நான்கு ஆண்டுகள், நாள் தவறாமல். நூறு மேடைப்பேச்சு செய்யாததை ஒரு காய்கறிப் பை செய்திருக்கிறது. மேடை வேண்டாம் என்று சொல்லவில்லை, மேடையிலிருந்து இறங்கியபின் நடக்கவும் வேண்டும் என்கிறோம். அன்று நாம் ஊரில் இல்லாதிருந்தால்? பையோடு நடக்கும் பைத்தியக்காரன் ஒருவனும் இல்லாத தெருக்கள் எத்தனை? அங்கெல்லாம் பன்னிரண்டு அடிக்கக் காத்துக் கிடக்கும் கட்டில்கள் எத்தனை? இளைஞர்களே, உங்கள் தெருவுக்கு ஒரு பொழுதுபோக்காளர் தேவைப்படுகிறார். சம்பளம் இல்லை. கூட்டமும் இருக்காது.

சென்ற புதனன்று, பகல் பன்னிரண்டே கால் மணிக்குப் படியிறங்கினோம். திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, மணி என்னான்னு பாத்தீங்களா?"

"பார்த்துத்தான் அம்மா கிளம்பினோம்."

"அப்போ கடையிலே கூட்டம் இருக்காது. கறிவேப்பிலையும் கால் கிலோ சின்ன வெங்காயமும் வாங்கிட்டு வாங்க."

மகிழ்ச்சி தாங்கவில்லை நமக்கு. "இனி நாள்தோறும் வாங்கி வரலாமா அம்மா?" என்று கேட்டோம்.

"வாங்கலாம்" என்றார். சற்று யோசித்து, குரலைத் தாழ்த்தி, "செவ்வாய்க்கிழமை மட்டும் வேணாம்" என்றார்.

செவ்வாய்க்கும் ஒரு பை வைத்திருக்கிறோம். அவசரமில்லை.